பணி நிரந்தரம் கோரி ஒரு கல்லின் மனு

அனுப்புநர்:
கருங்கல்,
குட்டியானையின் பின் சக்கரத்தடி,
காய்கறிச் சந்தை, தாராசுரம்.

பெறுநர்:
வாகனத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரி அவர்கள்.
(எந்த ஊர் அலுவலகம் என்று எழுதவில்லை. எல்லா ஊரிலும் படித்துக்கொள்ளட்டும்.)

பொருள்: ஹேண்ட் பிரேக்கின் வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துவரும் என்னை நிரந்தரம் செய்யக் கோருதல்.

ஐயா,

நான் இந்த மண்ணில் பிறந்தவன் இல்லை. காவிரிப் படுகையில் எங்கே தோண்டினாலும் வண்டலும் மணலும்தான் வரும். கோயில் கட்டிய சோழர்களே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் அப்படி வரவழைத்த என் முன்னோர்கள், ஐராவதேசுவரர் கோயிலில் சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவ மண்டபமாக நிற்கிறார்கள். 2004இல் யுனெஸ்கோ அவர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கி நிரந்தரம் செய்துவிட்டது. நான் ஜல்லி லாரியிலிருந்து வழியில் விழுந்தவன். அவர்களும் கல், நானும் கல். அவர்களும் சக்கரத்தோடு இருக்கிறார்கள், நானும் சக்கரத்தோடுதான் இருக்கிறேன். அவர்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. என்னைக் காலால் எத்தி நகர்த்துகிறார்கள்.

என் பணி இதுதான். விடியுமுன் சந்தைக்குக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வரும். டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். நாலைந்து ‘கடக்’கில் பிடிக்க வேண்டிய கைப்பிடி, கூரையைத் தொடுகிற மாதிரி மேலே வரும். வண்டி மெதுவாகப் பின்னால் நகரும். “டேய் தம்பி, அண்டக் குடுடா!” என்று ஒரு குரல். தம்பி ஓடிவந்து என்னைச் சக்கரத்தடியில் செருகுவான். வண்டி நிற்கும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது. நிரந்தர ஊழியரான ஹேண்ட் பிரேக்கோ வேலைக்கே வராமல் வண்டியின் ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கும்வரை பதவியில் இருக்கிறார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதைக் கீழேயிருந்து பார்த்தவன் நான்தான். கைப்பிடியை இழுத்தால் கேபிள் இழுபடும். கேபிள் பின் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரிக்கும். ஷூவில் ஒட்டிய லைனர் டிரம்மைக் கவ்வும். கால் பிரேக்குக்கும் பின் சக்கரத்தில் அதே ஷூ, அதே டிரம்தான். ஆனால் அதை எண்ணெயின் அழுத்தம் தள்ளுகிறது. இதை வெறும் கம்பி இழுக்கிறது. லைனர் தேயத் தேயக் கம்பி இழுக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். கம்பியும் நாளாக ஆக நீளும். வயல் சேறும் வாய்க்கால் தண்ணீரும் உறைக்குள் புகுந்தால் துருவேறி இறுகும்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிறப்பு உண்டு. டெல்டாவில் மேடு ஏது? கல்லணையிலிருந்து கடல்வரை தண்ணீர் தானாக வழிந்துபோகிற அளவுக்குத்தான் சரிவு. ஆகவே ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. கியரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தொடாத கம்பி உறைக்குள்ளேயே உறங்கிவிடும். அப்புறம் ஒருநாள் அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்திலோ, கரைமேல் உள்ள கொள்முதல் நிலையத்து வாசலிலோ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முக்கால் டன் வண்டிக்கு 40 கிலோ நெல் மூட்டை 18 என்பது கணக்கு. மேலே எத்தனை இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் பிரேக்கைத் தேடுவதில்லை, என்னைத்தான் தேடுகிறார்கள்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. முன் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து (அதற்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும்), பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கைப்பிடியை முழுக்க இறக்கிவிட்டு, டிரம்மைக் கழற்ற வேண்டும். லைனர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து லைனர் நனைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆயில் சீலையும் லைனரையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அதன்பிறகு அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருகி ஷூவை டிரம்முக்கு நெருக்க வேண்டும். கேபிள் நட்டின் முறை கடைசியில்தான்.

நடப்பது தலைகீழ். டிரம்மைத் திறக்காமலே நட்டை நாலு சுற்று இறுக்கிவிடுவார்கள். கைப்பிடி கிண்ணென்று நிற்கும், ஓனருக்கு மகிழ்ச்சி. உள்ளே ஷூ முழுசாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். டிரம் கொதிக்கும், டீசல் தீரும். வண்டி இழுக்கவில்லை என்று டிரைவரே நட்டைத் தளர்த்திவிடுவார். மறுபடியும் நான் பணியில் சேர்வேன்.

இனி தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். சரக்கு வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது விதி. எஃப்.சி. நாளன்று குட்டியானையைப் பார்க்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்! புது பெயின்ட், முன்னால் வெள்ளைப் பட்டை, பின்னால் சிவப்புப் பட்டை, துடைக்காத கண்ணாடிக்குப் புது வைப்பர். டிரைவர் கால் பிரேக்கை மிதித்தபடியே புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். நான் மட்டும் சந்தையிலேயே கிடப்பேன். பரீட்சைக்குப் போகாமலே பாஸாகும் ஹேண்ட் பிரேக்கை நினைத்துப் பொறாமைப்படுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது.

என் கோரிக்கைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் புரட்டுங்கள். டிரைவர் இல்லாமல் வண்டி பொது இடத்தில் நின்றால், இஞ்சினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த ‘வேறு ஏற்பாடு’ அடியேன்தான். நாடாளுமன்றமே எனக்கு இடம் ஒதுக்கியிருக்க, ஒரு பணி நியமன ஆணை தருவதில் என்ன தடை?

முன்னுதாரணமும் உண்டு. பக்கத்துத் திருவாரூரில் 300 டன் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து பொருத்தியது. அதற்காக முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அங்கே பிரேக்கும் வேலை செய்கிறது, கட்டையும் வேலை செய்கிறது. இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் வழுக்குகிறது. தாங்கள் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

ஒரு பயமும் இருக்கிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, பிரேக்கின் பிடியை மெஷினே அளக்குமாம். பிரிட்டனில் இப்படித்தான் சோதிக்கிறார்கள். அங்கே ஹேண்ட் பிரேக்கின் பிடி 16 சதவீதத்துக்குக் குறைந்தால் வண்டி ஃபெயில். மெஷினுக்கு வணக்கம் போட முடியாது, டீ வாங்கித் தர முடியாது. அது எங்கள் ஊருக்கும் வந்துவிட்டால் என் பிழைப்பு என்னாவது?

நிரந்தரம் செய்யும்போது எனக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டித் தர வேண்டுகிறேன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சரக்கு இறங்கியதும் வண்டி போய்விடும். என்னை எடுத்து ஓரத்தில் போட ஒருவரும் இறங்குவதில்லை. நடுரோட்டில் கிடக்கிறேன். விளக்கில்லாத கரை ரோட்டில் பைக்கில் வருகிறவர், பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை. என்மேல் ஏறினால் விழுவது அவர்கள்தான். அப்போது வண்டி எங்கோ இருக்கும், செல்லுபடியாகும் எஃப்.சி.யோடு.

மனுவை ஏற்க இயலாதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. அடுத்து வரும் குட்டியானையின் பெயின்டைப் பார்க்குமுன், அதை ஒரு சரிவில் நிறுத்தச் சொல்லுங்கள். கியரை எடுத்துவிட்டு, டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கட்டும். ஹேண்ட் பிரேக் ஒன்றிலேயே வண்டி நிற்கிறதா பாருங்கள். நிற்காத வண்டிக்குச் சான்று தராதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கருங்கல்.

இணைப்பு: தேய்ந்த லைனர் ஒன்று.