மருமவனின் பொய்மீனும் மாமனின் யோசனையும்

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. கொடுவா மீனைப் பிடிக்க மடவை மாதிரி ஒரு பொய்மீனு நீ செதுக்கியிருக்கன்னு உங்கம்மை சொன்னா. எங்க, காட்டு பாப்போம்.

அடேயப்பா! செதிலு ஒவ்வொண்ணையும் தனித்தனியால்லா வரைஞ்சிருக்க. கண்ணுக்கு இமை வேற! மடவைக்கு மூடித் தெறக்குத இமை கெடையாதுன்னு ஒனக்குத் தெரியாட்டாலும் கொடுவாவுக்குத் தெரியும். கெடக்கட்டும், புது இனம்னு நெனைச்சுக்கிடும்.

எந்த மரம்? தேக்கா! நல்லது, கட்டிலுக்கு ஆவும். வேலியில கல்யாண முருங்கை சும்மா நிக்கி. லேசான மரம். முள்ளும் கம்பியும் மாட்டுன பொறவும் துள்ளும்.

வயித்துல ஈயம் வைக்கலியா? செரிதான். தண்ணியில போட்டதும் மல்லாந்துக்கிடும். காக்கா வேணும்னா வந்து பாக்கும். அடிவயித்துல தொளை போட்டு ஈயத்துண்டு ஒண்ணை அடைச்சாத்தான் நிமிந்து நிக்கும்.

தாடைக்குக் கீழ ஒட்டியிருக்கியே தகடு, அதுலதான் கூத்தே இருக்கு. செங்குத்தா வச்சா மேலாப்புலயே இடுப்பை ஆட்டிக்கிட்டு வரும். மூக்குக்கு நேரா நீளமா நீட்டுனா ஆழத்துக்கு முங்கும். நீ வீசப்போறதோ புன்னக்காயல்ல, தாமிரவருணி கடல்ல சேருத எடத்துல, அதுவும் வத்தத்துல, இடுப்பளவு தண்ணியில. நீ நீட்டியிருக்க நீளத்துக்கு இது சேத்தை உழுதுட்டுத்தான் வரும். தகடு மயிரிழை கோணுனாலும் ஒரு பக்கமா ஓடும். மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைச்சு விடு, நேராயிரும்.

பின்லாந்துல லௌரி ராபாலான்னு ஒரு மீன்பிடிகாரரு. 1936ல தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால செதுக்கி, சாக்லேட் தாளைச் சுத்தி, வார்னிஷுக்குக் காசில்லாம போட்டோ பிலிமை உருக்கிப் பூசுனாராம். ஏரித்தண்ணி ஆளு. ஆனா கூட்டத்துல நொண்டி நீந்துத குஞ்சைத்தான் பெரிய மீனு குறிவைக்குன்னு கண்டுக்கிட்டாரு பாத்தியா, அங்கதான் பொழைச்சாரு. ஒன் மீனு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்லா நிமிந்து போவும்போல! எவன் வந்து கடிப்பான்?

கொக்கியை மரத்துல திருகாணியாத் திருகியிருக்கியே, கொடுவா தலையை ஒரு உலுக்கு உலுக்குனா போதும். திருகாணியோட பேத்துக்கிட்டுப் போயி அதைக் கம்மலாப் போட்டுக்கிடும். மூக்குலருந்து வாலு வரைக்கும் துருப்பிடிக்காத கம்பி ஒண்ணு உள்ளுக்குள்ளயே ஓடணும்ல. மரம் ஒடைஞ்சாலும் மீனு கம்பியில நிக்கும்.

வார்னிஷ் அடிச்சியா? ஒரு கையா? ரெண்டு மூணு கை அடிச்சு, கம்பித் தொளையையும் அடைக்கணும். இல்லன்னா உப்புத்தண்ணி ஏறி, மரம் ஊதி, நீ ராத்திரியெல்லாம் வரைஞ்ச செதிலு பூராவும் உரிஞ்சு வந்துரும். செதிலு உரிக்கிற வேலை அத்தைக்கு மிச்சம்.

மொதல்ல வீட்டுத் தொட்டியில போட்டு இழுத்துப் பாரு. நொண்டுனா நாளைக்கு வத்தையை எறக்குவோம். நீ அணியத்துல நின்னு வீசு. மூணுவா முள்ளு ரெண்டு மாட்டியிருக்க, ஆக ஆறு முனை. நீ கையைப் பின்னால ஓங்கும்போது அங்கன மாமன் தலைல்லா இருக்கும்? நான் கரையில நின்னே பாத்துக்கிடுதேன்.