ஒப்பந்தத்தின் மையும் ஓவியரின் எண்ணெயும்

கேள்வி: ஏனுங்க, ஆயில் பெயின்டிங் போடறவங்களுக்கு ஊர் வரலாறும் ஊர் சுத்தறதும் அவ்வளவு அவசியமுங்களா? (ஒரு வாசகி, பொள்ளாச்சி)

பதில்: ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் ‘ஆமாங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1792 மார்ச் ஒப்பந்தத்தில் மைசூர் சுல்தான் திப்பு, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஒப்பந்தத்தின் மை காயுமுன், அடுத்த மாதமே இந்த இரண்டு ஓவியர்களும் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார்கள்! பீரங்கி போன தடத்திலேயே தூரிகையும் போனது. அவர்களிடமிருந்த லென்ஸ் வைத்த இருட்டுப் பெட்டி, குன்றின் பிம்பத்தைக் காகிதத்தில் விழவைக்கும். அதன்மேல் பென்சில் ஓடும். எண்ணெய் வண்ணம் காய நாள் பிடிக்கும் சமாச்சாரம். அதனால் வழியில் கோடு, கேன்வாஸ் பிறகு. அப்படிக் கோடு போட்ட பாரமகால் ராயக்கோட்டை, அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ என்ற அச்சுப்படத் தொகுப்பின் 144 படங்களில் ஒன்றாகிவிட்டது.

கோயமுத்தூர்ச் சீமையோ 1799 வரை திப்பு கையில். அங்கே வரையாமல் விட்ட பாக்கியை உங்கள் பக்கத்து ஓவியர்கள்தான் தீர்க்க வேண்டும். சீமையைத் தாண்டினால், கும்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டையும் பஸ் ஏறினால் வந்துவிடும். இருட்டுப் பெட்டி உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. தொப்பியை மட்டும் மறக்காதீங்க. வரலாறு காத்திருக்கும், சங்ககிரி வெயில் காத்திருக்காது!