கொண்டை ஊசி மாமா

தேனிலவுக்கு எங்கே என்று மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமா பேனாவை எடுத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும் அவருக்கு. "சேலத்துல ஏறுங்க மாப்ளே. ஏற்காடு, 20. அங்கிருந்து நாமக்கல் வந்து கொல்லிமலை, 70. அப்புறம் பொள்ளாச்சி வந்து வால்பாறை, 40." இது கிலோமீட்டர் கணக்கில்லை, டிக்கெட் கணக்குமில்லை. கொண்டை ஊசி வளைவுக் கணக்கு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 வளைவுதான் என்பதால் அதை அவர் மலைப்பாதையாகவே மதிப்பதில்லை. மலை ரயிலில் போகட்டுமே, அதில் 208 வளைவு இருக்கிறதே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "அது சும்மா வளைவுப்பா. கொண்டை ஊசி வேற" என்று தள்ளிவிட்டார். இறங்கும்போது எண்ணுவது அவரைப் பொறுத்தவரை கள்ளாட்டம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிக்கு மட்டும் சலுகை உண்டு. 36 ஆயிற்றே, விட மனசு வருமா?

கார் பேச்சையே எடுக்கக் கூடாது. "கல்லட்டியில வெளியூர்க் காரை இறங்க விடமாட்டாங்க, கவர்மென்ட் பஸ் ஜம்முனு இறங்கும். 2024லேர்ந்து ஊட்டிக்கு இ-பாஸ் வேற. பஸ்ல போனா அதுவும் வேண்டாம்." இரண்டும் உண்மை, அதுதான் எரிச்சல். அசல் காரணம் வேறு. வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்டக்டர் இறங்கி விசில் ஊத, டிரைவர் பின்னால் எடுத்து மறுபடி ஒடிப்பார். அந்த நேரத்தில் முன்சீட்டில் இருப்பதே பிறவிப் பயன் என்பது மாமா கட்சி.

எங்கள் வீட்டுப் பையன் ஒருத்தன் இந்தத் திட்டப்படியே போனான். ஆழியாறு தாண்டியதும் வளைவுக்கு வளைவு 1/40, 2/40 என்று பலகை. ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு நின்றதாம். புதுப்பெண் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, மடியில் பாலிதீன் கவரோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது மாமாவிடமிருந்து போன்: "இப்ப எத்தனாவது?"

விடியற்காலையில் ஜோடிக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவரும் அவர்தான். "புதுசா கட்டின ஜோடி, பாத்துக்குங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி, பஸ் மொத்தத்தையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அத்தைக்கு பஸ் ஏறினாலே தலைசுற்றும். அதனால் மாமாவின் தேனிலவு மறுவீட்டோடு முடிந்துபோனது. ஊரார் பிள்ளைகளைத்தான் மலையேற்றி எண்ணிக்கொள்கிறார், பாவம்.

அதற்காக? இத்தனை திட்டத்திலும் "உனக்கு எங்கம்மா போகணும்?" என்று அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர். போகிறவள் அவள், வாந்தி எடுத்தவள் அவள். மாப்பிள்ளையும் கேட்கவில்லை, அது தனிக்கதை.

கல்யாணம் வைத்திருப்பவர்களே, பத்திரிகை கொடுக்கும்போது மாமா கேட்டால் யோசிக்காமல் மாமல்லபுரம் என்று சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து அங்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது.