சரிகைக்கு எக்ஸ்ரே எடுக்கிற ஊர்

காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை வாங்க வருகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கடைக்குள் கால் வைத்ததும் வக்கீலாக மாறிவிடுவார். கைத்தறியா, விசைத்தறியா? கோர்வை போட்ட கரையா, பேருக்குக் கரையா? சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு? உரசிப் பார்த்து நம்பிய காலம் மலையேறிவிட்டது. எக்ஸ்-கதிர்க் கருவியில் சரிகையை வைத்துத் தசமப் புள்ளியோடு கணக்குக் கேட்கிறார்கள். சில்க் மார்க் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 2005-ல் வந்த புவிசார் குறியீட்டைச் சொல்வார். கைத்தறிக்கென்று 1985-லேயே ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது தெரியுமா என்று கடைப் பையனை மிரட்டுவார். மிரட்டட்டும். உழைத்துச் சேர்த்த பணம்.

அதே மனிதர் வீடு திரும்பி, வாசலில் கட்டியிருக்கும் லேப்ரடாரைப் பார்த்து ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்கிறார்: "ஹீட்டு வந்துட்டுது. இந்தத் தடவை குட்டி எடுத்துடலாம்." பரிசோதனை முடிந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு கடுவன் இருக்கிறது. கூலி பணமாகவா, பிறப்பதில் நல்லதாகப் பொறுக்கிக்கொள்ள ஒரு குட்டியா என்று பேரம் நடக்கிறது. பெட்டைக்காரர் கேட்பது: "பேப்பர் இருக்குதா? ஹெவி போனா? இன்னா கலரு?" கடுவன்காரர் கேட்பது: "எத்தனாவது நாளு?" இருவருக்கும் பரம திருப்தி. அந்தக் கடுவன் படுத்து எழும்போது பின்னங்காலை இழுக்கிறது என்ற சங்கதி பேச்சில் வராது. வந்தாலும், "டைல்ஸ் தரை சார், வழுக்குது" என்பதோடு முடிந்துவிடும்.

டைல்ஸ் மேல் பழி போடுவது வசதி. டைல்ஸ் மறுத்துப் பேசாது. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமாக அமையாமல், தொடை எலும்பின் தலை அதில் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே தேயும் கோளாறு, லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பரம்பரைச் சொத்து. துள்ளி ஓடும் நாய்க்குள்ளும் அது ஒளிந்திருக்கும். இரண்டு வயது நிறைந்த பிறகு, அசையாமல் இருக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் சென்னை வேப்பேரி. 1903-லிருந்து அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெள்ளி குறைந்த சரிகைக்காக ஊரைக் கூட்டுகிறவர்கள், எலும்பு தேய்ந்த நாய்க்காக அங்கே போகும் பேருந்தில் ஏறுவதில்லை. சரிகை ஏமாற்றினால் நஷ்டம் அவருக்கு. இடுப்பு ஏமாற்றினால் நஷ்டம் குட்டி வாங்கியவனுக்கு. வலி குட்டிக்கு.

இடுப்போடு முடிவதில்லை. விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக் கண் போகிற நோய் வம்சத்தில் உண்டா? இணை சேரும்போது பரவி, கருவைக் கலைத்து, வீட்டு மனிதருக்கும் தொற்றக்கூடிய புரூசெல்லா கிருமி இல்லையென்று இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை ஆயிற்றா? கடுவனுக்கு இரண்டு விரையும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா? குணம் எப்படி? சிலிண்டர் போட வந்தவரின் கெண்டைக்காலைக் கவ்வியதை "செம உஷார் சார் நம்ம பையன்" என்று சிலாகிக்கிறார்களே, அது உஷார் இல்லை, பயம். பயந்து கடிக்கும் சுபாவமும் குட்டிகளுக்கு இறங்கும். தாயும் கூடப் பிறந்தவையும் என்னவாயின? எட்டுக் குட்டி பிறந்தால் எட்டுக்கும் வீடு இருக்கிறதா? ஒன்று திரும்பி வந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

இத்தனையும் கேட்டால் வீட்டில் செல்லமாக வளர்கிற நாய்களில் பெரும்பாலானவை தேறமாட்டா. தேறாவிட்டால் அதற்கொன்றும் குறைவில்லை. சோறு தின்று, வாலாட்டி, சோபாவைக் கடித்து நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகும். உரிமையாளருக்குத்தான் தாங்காது. "உங்க நாயை மேட்டிங்குக்கு விட வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டால், குலத்தையே பழித்தது போல முகம் சிவந்து, வேறு மருத்துவர் தேடிப் போகிறார். மகன் பிளஸ் டூவில் தோற்றபோதுகூட இவ்வளவு கொதிக்கவில்லை.

"அதான் பேப்பர் இருக்குதே!" என்பது கடைசி அஸ்திரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுத்தாள். அப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பாட்டன் எந்த வயதில் நொண்டினான், பாட்டி எதனால் செத்தாள் என்பது இருக்காது. பிறப்பைச் சொல்கிற காகிதத்தை ஆரோக்கியத்துக்குச் சாட்சியாக நீட்டுகிறோம். தாத்தா பெயரைச் சொல்லியே காரியம் சாதித்துப் பழகிய சமூகத்துக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது.

காகிதமும் இல்லாதவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பெட்டைக்கு உடம்புக்கு நல்லது." எந்தக் கால்நடை மருத்துவப் புத்தகத்திலும் இப்படி இல்லை. கருத்தடை செய்யாத பெட்டைக்குத்தான் வயதானபின் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கு ஆபத்து வருகிறது; குட்டி போட்டது அதைத் தடுக்காது. இளமையிலேயே கருத்தடை செய்தால் மடிக் கட்டிகளும் குறையும். சொல்லிப் பாருங்கள். "அவளும் தாய்மை அடைய வேண்டாமா?" என்று கண் கலங்குவார்கள். கல்யாணமாகி ஓராண்டான மருமகளிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டுப் பழகிய வாய், நாயை மட்டும் விட்டுவிடுமா? அந்தத் தாய்மையின் பலனை ஐந்தாவது வாரத்திலேயே மடியிலிருந்து பிடுங்கிக் கூடையில் போட்டு விற்பார்கள். அப்போது கண் கலங்காது. கை பணம் எண்ணிக்கொண்டிருக்கும்.

சட்டம் இல்லையா? அழகாக இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசு விதிகள் 2017-ல் வந்தன. 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. 8 வயதுக்கு மேலும் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் ஆகாது. அடுத்தடுத்த பருவங்களில் ஆகாது. இணை சேர்க்குமுன் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பதற்காக வளர்க்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். மாடியில் நாலு கூண்டு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஈற்று எடுக்கிறவரிடம் இதைச் சொன்னால், "நாங்க பிசினஸ் பண்ணல சார், ஆசைக்கு வளக்கறோம்" என்பார். ஆசைக்கு ஜிபே எண் மட்டும் உண்டு, ரசீது கிடையாது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலை தென்கலைச் சண்டை நீதிமன்றம் வரை போன ஊர் இது. கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் போடுவது என்று வழக்காடியதாகவும் ஒரு கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். முப்பத்தைந்து நாள் குட்டியை அறுபது நாள் என்று சொல்லி, தடுப்பூசிப் புத்தகத்தில் தேதியைத் தானே எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்தில் பார்வோ வைரஸ் வந்து ரத்தமாகக் கழிந்து செத்தால் "உங்க வீட்ல ஏதோ குடுத்துட்டீங்க" என்று போனை வைக்கிற வியாபாரி, வாங்கியவருக்குப் போடுகிறானே ஒரு நாமம், அதில் மட்டும் கலைபேதம் கிடையாது.

இனி பக் நாய். 2003-ல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஒரு பக் ஓடியது. அன்றிலிருந்து மூச்சு விடத் திணறுகிற ஒரு பிராணியை நாடே கொஞ்ச ஆரம்பித்தது. நாய்க்கு வெப்பம் தணியும் வழி, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது. அந்த வழியையே சப்பையாக அமுக்கி வைத்த முகத்துக்குச் சந்தையில் 'பஞ்ச் ஃபேஸ்' என்று பட்டம். எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலை. சித்திரை வெயிலில் அது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து, சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறார்கள். அது குறட்டை இல்லை, ஐயா, திணறல். நெதர்லாந்தில் மூஞ்சி நீளம் இன்ன அளவுக்குக் குறைந்தால் இனப்பெருக்கத்துக்கே விடக் கூடாது என்று அளவுகோல் வைத்துத் தடுக்கிறார்கள். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை இந்தத் தட்பவெப்பத்துக்கு ஆகாதவை என்று பட்டியல் போட்டது. உடனே வளர்ப்பவர்களிடமிருந்து உரிமைக்குரல் கிளம்பியது. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை 40 டிகிரியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் சினையாக்குவது எந்த உரிமை?

"அதான் நாங்க நாட்டு நாய்க்கு மாறிட்டோமே" என்று ஒரு கூட்டம் மார் தட்டுகிறது. ராஜபாளையம் 2005-ல் அஞ்சல் தலையில் வந்தது. 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். பெருமைதான். பெருமை சந்தைக்கு வந்ததும் எதற்கு விலை ஏறிற்று? பால்வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும். நிறமி இல்லாமல் போவது காதின் உட்பகுதியையும் பாதிக்கும். இந்த இனத்தில் காது கேளாமை தெரிந்த குறை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குட்டியை, "ராஜா மாதிரி சார், கண்டவங்க கூப்ட்டா திரும்பாது" என்று விற்கிற சாமர்த்தியம் தமிழனுக்கு மட்டுமே வரும். மரபு காக்கிறார்களாம்!

விற்காமல் தங்கிப்போன குட்டியும், ஈற்று ஓய்ந்து மடி தொங்கிப்போன பெட்டையும் எங்கே போகின்றன? இரவில் பைபாஸ் சாலைக்கு. கழுத்தில் பட்டை போட்ட தடம் அப்படியே இருக்க, ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓடிப் பார்க்கிற லேப்ரடாரை நெடுஞ்சாலை ஓரத்தில் பார்க்காதவர் யார்? தின்னத் தெரியாது, சண்டை தெரியாது. பிழைத்தால் தெருநாயோடு சேர்ந்து குட்டி போடும். அப்புறம் அதே வீதிக்காரர்கள் மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பார்கள்: தெருநாய்த் தொல்லை தாங்க முடியவில்லை, உடனே ஒழிக்க வேண்டும். கடிபட்ட குழந்தையின் வலி நிஜம், அதில் விளையாட்டில்லை. ஆனால் மனுவின் கீழே இருக்கும் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த ஊரில் இது பழைய நாடகம். நிஜமாகவே நாடகம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் இதே காஞ்சித் தெருவில் நடக்கிறது. குடித்துத் தள்ளாடும் கபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. உள்ளே வறுத்த கறி இருந்ததால் எடுத்தது நாயாக இருக்கும், இல்லையென்றால் பௌத்த பிக்குவாக இருக்கும் என்று அவன் கணக்குப் போடுகிறான். நாயைத் தேடுவது கஷ்டம். கையில் கிடைத்த பிக்குவைப் பிடித்துக்கொள்கிறான். தத்துவச் சண்டை, கைகலப்பு, நடுவே ஒரு பாசுபதன் பஞ்சாயத்து. கடைசியில் ஒரு பைத்தியக்காரன்தான் நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்துக்கொண்டு வருகிறான். பசித்த நாய் கறி தின்றது, அவ்வளவே. மிச்ச ரகளை முழுதும் மனிதர்களுடையது. அரசனே எழுதிய எள்ளல் என்பதால் அன்று சபையில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இன்று இதை எழுதினால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவார்கள்.

தண்டனை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் விளைவாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணியைத் தேவையில்லாத வேதனைக்கு ஆளாக்குவது அதன்படி குற்றம். பட்டினியால் வாடும்படி கைவிடுவதும் குற்றம். முதல் தடவை செய்த குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். அறுபது ஆண்டு தாண்டியும் அந்த ஐம்பது ஏறவில்லை. புடவைக்குக் கூலி ஏறிற்று, குட்டிக்கு விலை ஏறிற்று, கடுவன் கூலியும் ஏறிற்று. ஆகவே பைபாஸில் நாயை இறக்கிவிடப் போகிற பெரியோர்கள் சட்டைப் பையில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம். சில்லறைத் தட்டுப்பாடு என்று நீதிமன்றத்தில் அவமானப்பட வேண்டியிருக்காது.