தேங்காய் 6 @ 35

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொந்தபந்தத்தில் ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். அங்கே நீங்கள் சம்பளப் பட்டியல் போடுகிறவராக இருந்தாலும், ஊரில் செட்டாப் பாக்ஸ் நின்றால் போன் உங்களுக்குத்தான். எனக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வரும். சித்தப்பா. தபால் துறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

"ஏல, டிவி செத்துப்போச்சு" என்பார். டிவி சாகாது. ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டன் அமுங்கியிருக்கும். சித்தி அந்த ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை மாட்டி, அதன்மேல் ரப்பர் பேண்டும் சுற்றியிருப்பதால், அமுக்கியது எதை என்று அமுக்கியவருக்கே தெரியாது.

"எச்டிஎம்ஐன்னு எழுதியிருக்கா சித்தப்பா?"

"மூணு இருக்குல."

"அதுல எது வெளிச்சமா இருக்கு?"

"எல்லாம் மங்கலாத்தான் இருக்கு. கண்ணாடி உள்ள கெடக்கு."

இந்த வம்பே வேண்டாம், இங்கிருந்தே உங்கள் போனைப் பார்த்துச் சரிசெய்கிறேன், எனிடெஸ்க் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் தாள் புரளும் சத்தம். அந்தச் செயலியைப் போடச் சொல்லி, அது காட்டும் எண்ணையும் கேட்டு வாங்கி, திருடர்கள் யுபிஐ பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்திருந்தது. செயலி மேல் பழியில்லை, யாரை உள்ளே விடுகிறோம் என்பதில்தான் விஷயம். சித்தப்பா அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து நறுக்கி நோட்டில் ஒட்டியிருந்தார். முழுதும் வாசித்துக் காட்டிவிட்டு, "ரிசர்வ் பேங்க் சொன்னதுக்கு மேல நீ சொல்லுதியோ?" என்றார். ஆக, எங்கள் தொலைதூரச் சேவை இன்றுவரை வாய்மொழியில்தான் நடக்கிறது.

இதன் உச்சம் நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் மாதம். 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தபோது விரல் ரேகை கேட்டார்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி 2021-இல் வந்தது. அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. முதலில் 'ஆபரேட்டர்' தன்னை நிரூபிக்க வேண்டும், பிறகு ஓய்வூதியர். வீட்டில் தனியாகச் செய்தால் இரண்டு பேரும் ஒருவரே. சித்தப்பா தனக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டும்.

நடுவில் ஓடிபி வரும். அது வரும் போன் அவர் காதில் இருக்கும். "காதுலேர்ந்து எடுத்துப் பாருங்க" என்றால் எடுப்பார். எடுத்தபின் நான் சொல்வது கேட்காது. திரும்பக் காதில் வைத்து "என்னல சொன்ன?" என்பார். அதற்குள் ஓடிபி காலாவதி. ஸ்பீக்கரைக் கண்டுபிடித்தபின் ஒருவழியாக முகம் வரை வந்தோம். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி அசையாமல் முறைக்கிறார். செயலியும் காத்திருக்கிறது.

"கண்ணைச் சிமிட்டுங்க சித்தப்பா."

"யாரப் பாத்துல?"

ஓய்வூதிய ஆணையின் பிபிஓ எண் கேட்கும் இடத்தில் மட்டும் எல்லாம் மின்னலாக நடந்தது. காரணம் அந்த நோட்டு. நோட்டு என்றால் ஏதோ ஒரு வருடத்து டைரி. தேதிக்கும் எழுதியதற்கும் சம்பந்தமே கிடையாது. பொங்கல் நாளில் கேஸ் கன்ஸ்யூமர் எண், ஆடிப் பக்கத்தில் மின் இணைப்பு எண், கடைசியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதிகள். என் போனில் இதே எண்ணை ஏதோ ஒரு ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். சார்ஜ் தீராத சாதனம் என்று என் குடும்பத்தில் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். "பேக்கப் உண்டா?" என்று சீண்டினேன். ஜெராக்ஸ் எடுத்து அத்தை வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறாராம்.

பாஸ்வேர்டும் அந்த நோட்டில்தான். தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். கணினிப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, கடினமான பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். பெரிய எழுத்து, எண், குறி என்று நம்மைப் படுத்தும் விதிகளை 2003-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்துக்காக எழுதிக் கொடுத்தவர் பில் பர். அவரே 2017-இல், அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். அவர் வருந்தியது நம்மூர் வலைத்தளங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

சித்தப்பாவுக்கு அந்த விதிகள் ஒரு பொருட்டே இல்லை. 1971-இல் ரே டாம்லின்சன் @ குறியை மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே, கணக்கு எழுதுகிறவர்கள் அதை விலைக்குப் போட்டுவந்தார்கள். சித்தப்பாவின் பாஸ்வேர்டும் அப்படித்தான்: தேங்காய் 6 @ 35. ஆங்கில எழுத்தில் அடித்து, முதல் எழுத்தைப் பெரிதாக்கி இடைவெளியை எடுத்துவிட்டால் வங்கி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. திருடன் நோட்டைப் புரட்டினாலும் மளிகைக் கணக்கு என்று வைத்துவிடுவான். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும்போதெல்லாம் தேங்காய் விலை ஏறும். (இப்போது காயையே மாற்றிவிட்டார், அதனால் எழுதுகிறேன்.)

மாற்றியதற்குத் திருடன் காரணமல்ல. சித்தி ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏ ராசா, ஒங்க சித்தப்பா மாசாமாசம் ஆறு தேங்கா வாங்கியிருக்காவ. ஒண்ணுகூட இந்த வீட்டுக்கு வரல. யாருக்குக் குடுக்காவன்னு நீயாவது கேட்டுச் சொல்லு."