பெயிண்ட் ஜன்னல் கப்பல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத் தீவுகளுக்குக் கப்பல் விடுவது கால்மாக் என்ற அரசு நிறுவனம். காலிடோனியன் மேக்பிரேன் என்பதன் சுருக்கம் அது. இருபதுக்கு மேற்பட்ட தீவுகளுக்குப் பால், ரொட்டி, தபால், ஆட்டுக்குட்டி, மாப்பிள்ளை என்று எல்லாம் இந்தக் கப்பல்களில்தான் போயாக வேண்டும். ஊருக்குள் பஸ் வராவிட்டால் நடந்தாவது போய்விடலாம். தீவுக்காரருக்கு அந்த வசதியும் கிடையாது.

கப்பலை ஓட்டுவதுதான் கால்மாக்கின் வேலை. சொந்தக்காரர் சிமால் என்ற வேறொரு அரசு நிறுவனம். மானியம் தந்து மேற்பார்வை செய்வது ட்ரான்ஸ்போர்ட் ஸ்காட்லாந்து. அரான் தீவுக்குக் கப்பல் புறப்படும் ஆர்ட்ராசன் துறைமுகமோ நெடுநாள் தனியார் கையில் இருந்தது. கப்பல் ரத்தான நாளில் இவர்களில் யாரைத் திட்டுவது என்று பயணி முடிவு செய்வதற்குள் அடுத்த நடையும் ரத்தாகிவிடும்.

அரான் வழித்தடத்தின் முக்கியக் கப்பல் 1993-இல் கட்டியது. அதற்குத் துணை நின்றது 1984-இல் கட்டியது. இந்த வயதில் மனிதர்களுக்கு மூட்டு வலி வருவதுபோல் கப்பல்களுக்குத் துரு வரும். இதற்கிடையே 2014-இல் அரானுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். மலிவு என்றதும் சுற்றுலாக் கார்கள் குவிந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய உள்ளூர்க்காரர் முன்பதிவு கிடைக்காமல், 'இடமிருந்தால் பார்க்கலாம்' வரிசையில் காரை நிறுத்தி, முன்னால் நிற்கும் வண்டிகளை எண்ணத் தொடங்கினார். அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு கணக்கு அத்துப்படி: தனக்கு முன்னால் எத்தனை கார், கப்பலில் எத்தனை இடம். முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும்.

உபரிக் கப்பல் இல்லாததால் ஒரு தீவின் நோயை இன்னொரு தீவு அனுபவிக்கும். 2023 ஜூனில் கப்பல் பற்றாக்குறை வந்தபோது தெற்கு யூயிஸ்ட் தீவின் சேவையை மாதத்தின் பெரும்பகுதி நிறுத்தி, அந்தக் கப்பலை வேறு வழித்தடத்துக்கு அனுப்பினார்கள். தீவுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் துறைமுகத்தில் திரண்டு போராடினார்கள். போராட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது சிரமமாக இருக்கவில்லை. வெளியூர் போக வழியில்லாமல் எல்லோரும் ஊரிலேயே இருந்தார்கள்.

இதற்கெல்லாம் தீர்வாக வரவேண்டியது கிளென் சான்னாக்ஸ் என்ற புதுக் கப்பல். 2015-இல் இரண்டு கப்பல்களுக்கு 9 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் ஆனது. முதல் கப்பலான கிளென் சான்னாக்ஸ் 2018-இல் கைக்கு வந்திருக்க வேண்டும். 2017 நவம்பரில் போர்ட் கிளாஸ்கோவில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அதை நீரில் இறக்கினார். மேல்தள ஜன்னல்கள் பளிச்சென்று தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணாடி இல்லை, கறுப்புப் பெயிண்ட். கப்பல் முடிந்துவிட்டதுபோல் தோன்றட்டும் என்று வரைந்தது.

பிறகு கப்பல் கட்டும் தளம் திவாலானது. 2019-இல் அரசு எடுத்துக்கொண்டது. 2022-இல் இன்னொரு சங்கதி வெளியானது: முன்னரே உள்ளே இழுத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான கேபிள்கள், இணைய வேண்டிய கருவிகள் வரை எட்டவில்லை. கேபிள் குட்டை, கணக்கு மட்டும் நீளம்: இரண்டு கப்பல்களுக்குமான செலவு 40 கோடி பவுண்டைத் தாண்டியது.

கப்பல் திரவ இயற்கை எரிவாயுவிலும் ஓடும் என்பது பெருமை. ஆனால் அந்த எரிவாயு இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட்டிலிருந்து டீசல் லாரியில் வர வேண்டும். சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் புறப்பட்ட கப்பலுக்காக லாரி நாடு முழுக்கப் புகை விட்டுக்கொண்டு வருகிறது.

ஒருவழியாக 2025 ஜனவரியில் கிளென் சான்னாக்ஸ் பயணிகளை ஏற்றியது. ஆனால் ஆர்ட்ராசனிலிருந்து அல்ல. துறைமுகத்தைச் சீரமைக்காமல் அந்தப் பெரிய கப்பலை அங்கே நிறுத்த முடியாது. அதனால் அது ட்ரூன் துறைமுகத்திலிருந்து, பழைய வழியைவிடக் கூடுதல் நேரம் எடுத்துப் போகிறது. கப்பலுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே துறைமுகத்தையும் அளந்து பார்த்திருக்கலாம். நாடா கொண்டு அளக்கச் செலவு ஒன்றும் இல்லை.