எழுதாத சர்வர்

காதில் ஒரு பேனா செருகியிருப்பார். அது பில்லைக் கூட்டிப் போடுவதற்கு மட்டும். ஆர்டர் எடுக்க அவருக்குப் பேனா தேவைப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு எட்டுப் பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்திருக்கும். அவர் பார்வையோ, கைகழுவும் இடத்தருகே காலியாகப்போகும் ஆறாம் நம்பர் மேசை மேல் இருக்கும். பெரியவர் முறுகல் கேட்பார், பாட்டி முறுகல் கூடாது என்பார், மருமகள் சொன்னதை மாமியார் மாற்றுவார், பையன் நூடுல்ஸ் கேட்டு அடி வாங்குவான். எல்லாம் ஓய்ந்ததும் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவார். "ஒண்ணும் எழுதிக்கலையே, இந்த ஆளு கொண்டுவந்த மாதிரிதான்" என்று பெரியவர் முணுமுணுத்து முடிப்பதற்குள் எட்டுத் தட்டும் எட்டுப் பேர் முன்னால் இறங்கியிருக்கும். பையன் முன்னால் பூரி.

இவர்தான் எழுதாத சர்வர். டிபன் ஹோட்டல் என்று போர்டு மாட்டிய எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்.

இவருடைய முதல் வித்தை பட்டியல் பாடுவது. "என்னப்பா இருக்கு?" என்று கேட்டால் போதும். "இட்லி வடை பொங்கல் பூரி சாதா மசால் ரோஸ்ட் நெய்ரோஸ்ட் ரவா ஆனியன்ரவா பொடிதோசை ஊத்தப்பம் இடியாப்பம் சப்பாத்தி கிச்சடி." ஒரே மூச்சு, நடுவில் காற்புள்ளிகூடக் கிடையாது. கேட்டவர் மோட்டுவளையைப் பார்த்துத் தீர யோசித்துவிட்டு, "ரெண்டு இட்லி" என்பார். இல்லாவிட்டால் "கிச்சடி" என்பார். நடுவில் வந்த பதின்மூன்று பலகாரங்களும் காற்றோடு போயின. இதில் கேட்டவர் மேல் குற்றமில்லை. ஒரு பட்டியலைக் காதால் கேட்டால் தலையும் வாலும் நிற்கும், நடு நழுவும் என்று பென்னட் மர்டாக் என்ற உளவியலாளர் 1962-ல் கோடு வரைந்தே காட்டிவிட்டார். முதலில் வந்ததை மனம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. கடைசியில் வந்தது காதிலேயே நிற்கிறது. எழுதாத சர்வர் மர்டாக்கைப் படித்ததில்லை. ஆனாலும் காலையில் மீந்துபோன கிச்சடியைப் பட்டியலின் கடைசியில் வைக்க அவருக்குத் தெரியும்.

சரி, எட்டுப் பேரின் ஆர்டரை எங்கே வைத்துக்கொள்கிறார்? மனிதர்கள் உடனடி நினைவில் ஏழு, கூடக்குறைய இரண்டு உருப்படிகளைத்தான் தாங்குவார்கள் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-ல் வந்து, ஏழெல்லாம் இல்லை, நாலுதான் என்று குறைத்துவிட்டார். நம்மவர் இந்த நாலில் நாற்பதை அடைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் அவர் தோசையை ஞாபகம் வைப்பதில்லை, ஆளை ஞாபகம் வைக்கிறார். கண்ணாடி போட்டவர் ரவா, ஜன்னலோரம் நெய்ரோஸ்ட், தும்மினவர் மிளகுப் பொங்கல். ஆளும் நாற்காலியும் பலகாரமும் சேர்ந்து ஒரே மூட்டை.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரத்து சர்வர்களும் எழுதிக்கொள்ளாத பரம்பரைதான். ஆராய்ச்சியாளர்கள் அங்கே எட்டுப் பேராகப் போய் உட்கார்ந்து ஆளுக்கொரு பானம் கேட்டார்கள். சரியாக வந்து சேர்ந்தது. அடுத்த முறை, ஆர்டர் கொடுத்துவிட்டு, சர்வர் உள்ளே போனதும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். பல சர்வர்கள் தடுமாறிப்போனார்கள். 2008-ல் இந்த ஆய்வு வெளியாயிற்று. நம்மூரில் இதற்கு ஆராய்ச்சியாளர் தேவையில்லை. "இங்க ஃபேன் காத்து வரலை, நீ அந்தப் பக்கம் வா" என்று மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

மேசையிலிருந்து தோசைக்கல் வரைக்கும் உள்ள பாதைதான் இவருக்குக் கண்டம். வாய் முணுமுணுத்துக்கொண்டே போகும்: "நாலு சாதா, ஒரு நெய், ரெண்டு ஆனியன், ஒரு பூரி." தோசை என்ற சொல்லையே தள்ளிவிட்டார், கவனித்தீர்களா? வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றும் நினைவு, ஏறத்தாழ இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கிற அளவுதான் தாங்கும் என்று ஆலன் பாட்லியும் அவர் கூட்டாளிகளும் 1975-ல் கண்டார்கள். பேர் நீண்டால் ஆர்டர் விழும். ஆகவே பேர் குறைகிறது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மேசை கூப்பிடும். "தம்பி, பதினெட்டு இட்லி பார்சல்னா எவ்வளவு ஆகும்?" இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் 1959-ல் செய்தது இதே கொடுமையைத்தான். மூன்றே மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு, ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். பதினெட்டு விநாடியில் எழுத்துகள் ஏறக்குறைய மொத்தமாகப் போய்விட்டன. அனுபவசாலி சர்வர் அதனால் காது கேளாதவர் போல நேரே போய்விடுவார். நாம் அதைத் திமிர் என்போம். அவர் நம்முடைய நெய்ரோஸ்டைக் காப்பாற்றிக்கொண்டு போகிறார்.

பில் கொடுத்தானதும் இன்னொரு அதிசயம் நடக்கும். மறந்து வைத்த குடைக்காகப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், "சார் எந்த டேபிள்ல உக்காந்தீங்க?" என்பார். இவ்வளவு நேரம் நம் சர்க்கரை அளவு முதற்கொண்டு தெரிந்தவர்! பெர்லினிலும் இப்படி ஒரு சர்வர் இருந்தார் என்பார்கள்; பணம் வாங்காத கணக்கு மட்டும் அவர் நாக்கு நுனியில் நிற்குமாம். ப்ளூமா ஸைகார்னிக் அதையொட்டிச் சோதனை செய்து, பாதியில் நிற்கிற வேலை முடிந்த வேலையைவிட மனதில் ஒட்டும் என்று 1927-ல் எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் பல அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம்மவர் ஒப்புக்கொள்வார்.

வீட்டில் இவர் கதை வேறு. "தேங்காய், பெருங்காயம், பையனுக்குக் கோடு போட்ட நோட்டு." மூன்றே சாமான். தேங்காயோடு திரும்புவார். "ஹோட்டல்ல ஊருக்கே ஞாபகம் வெச்சுக்கத் தெரியுது, எனக்கு மூணு சாமான் வாங்கத் தெரியலையா?" என்று அம்மணி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் அமெரிக்காவில் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இருபது மாதப் பயிற்சியில், ஏழு இலக்கம் நினைவு வைத்தவர், எழுபத்தொன்பது இலக்கம் வரை போனார். 1980-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அவர் ஓட்டக்காரர். எண்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றிக் கோத்துக்கொண்டார். அதே ஆளிடம் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறோடு நின்றுவிட்டார். ஞாபகம் பெரிதாகவில்லை, கட்டத் தெரிந்த சரக்கு எண் மட்டும்தான். பெருங்காயத்துக்கு முகமும் இல்லை, நாற்காலியும் இல்லை. "ஒண்ணாம் டேபிள் தேங்காய், ரெண்டாம் டேபிள் பெருங்காயம், மூணாம் டேபிள் நோட்டு, ஒரு பார்சல்!" என்று அம்மணி குரல் கொடுத்துப் பார்க்கலாம்.

இப்போது பல ஹோட்டல்களில் உள்ளங்கை அளவு கருவி வந்துவிட்டது. தட்டினால் சமையற்கட்டில் சீட்டு வந்து விழுகிறது. ஆர்டர் தப்புவதில்லை. ஆனால் கொண்டுவருகிற பையன், "ரவா யாருக்கு?" என்று கேட்கிறான். பேச்சை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்க வேண்டியிருக்கிறது. கருவிக்கு மேசை நம்பர் தெரியும். கண்ணாடி போட்டவரைத் தெரியாது.

எனவே எழுதாத சர்வர் கிடைத்த பாக்கியசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் சொன்ன பிறகு காற்றுக்காக இடம் மாறாதீர்கள். அடுப்பை நோக்கிப் போகிறவரைக் கணக்குக் கேட்டு மறிக்காதீர்கள். பில் வந்த பிறகு இன்னொரு காபி வேண்டுமானால், சர்க்கரை எவ்வளவு என்று முதலிலிருந்து சொல்லுங்கள். டிப்ஸ் தாராளமாக வையுங்கள். அதற்காக அவர் உங்களை ஞாபகம் வைத்திருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.